கப்பலிலே குடிதண்ணீர் எங்கே?

சோளகக் காற்று மும்முரமாய் வீசுகின்ற ஆனி மாதத்து நாளொன்றிலே குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறினோம். அரிசி மூடைகள், சீமெந்துப் பைகள், போத்தல் தண்ணீர்ப் பெட்டிகள், புத்தம்புதிய சைக்கிள் ஒன்று, இவற்றுக்கிடையே கால் நீட்டவும் இடமின்றி நெருங்கியிருந்தது சனம். நயினை நாகபூஷணி அம்மனின் கோபுரம் பின்னே ஒதுங்கியதும் படகு ஆடத் தொடங்கிற்று. ஏழாற்றுப் பிரிவு என்று எம்மவர் அழைக்கும் கடல் அது. காற்றுக் காலத்திலே அதனைக் கடந்தவர்களுக்கு அப்பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. எதிரே இருந்த மூதாட்டி கண்களை மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டார். அலையொன்று பக்கப் பலகையிலே அறைந்து எல்லோர் தலையிலும் உப்புநீரைத் தெளித்தது.

எமக்குப் பக்கத்திலே பதினான்கு வயது மதிக்கத்தக்க மாணவன் ஒருவன் இருந்தான். அவன் தலையிலும் தண்ணீர் விழுந்தது. அவனோ சட்டைக் கையால் கைத்தொலைபேசியின் முகத்தை மாத்திரம் துடைத்துவிட்டு மீண்டும் அதிலேயே ஆழ்ந்து போனான். எட்டிப் பார்த்தோம். உள்ளங்கை அகலத் திரையிலே மாபெரும் நீர்ச்சுழியொன்று சுழன்றுகொண்டிருந்தது. அச்சுழியின் இரு விளிம்பிலும் இரண்டு பாய்க்கப்பல்கள் சுற்றிச் சுற்றி வந்து ஒன்றையொன்று பீரங்கியாற் சுட்டுக்கொண்டிருந்தன.

"என்ன படம் தம்பி?"

"பைரேட்ஸ் ஐயா. மூண்டாம் பாகம். இந்தச் சண்டைதான் விசேசம்."

"வெளியிலை ஒருக்காப் பாரும். இஞ்சையும் அதுதானே நடக்குது."

அவன் ஒரு கணம் கடலைப் பார்த்தான். "இது பழகினதுதானே ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டான்.

அவன் பார்த்த அந்தப் படம் 2007 இலே வெளிவந்தது. அந்தச் சுழியிலே உண்மைக் கடலின் தண்ணீர் ஒரு துளியும் இல்லை. கலிபோர்னியாவிலே பெரியதொரு கொட்டகையினுள்ளே கப்பல்களை நிறுத்தி, குழாயாலே மழை பெய்வித்து, நடிகர்களை நனைத்துப் படம்பிடித்தார்கள். கடலைப் பின்னர் கணினியிலே வரைந்து சேர்த்தார்கள். அவ்வேலையின் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் உண்மையான ஏழாற்றுப் பிரிவு முதுகை நனைக்கும்போது பொய்யான நீர்ச்சுழியிலே மனம் பறிகொடுத்திருக்கும் பிள்ளையைக் கண்டதும், எமக்கு அரைநூற்றாண்டுக்கு முந்திய ஓர் இரவும், அவ்விரவிலே எமது அம்மான் கேட்ட ஒரு கேள்வியும் ஞாபகத்துக்கு வந்தன.

நெடுந்தீவுப் பிள்ளைகளுக்குப் படம் பார்ப்பதென்பது அந்நாளிலே ஒரு யாத்திரை. யாழ்ப்பாண நகரத்திலே வெலிங்டன், வின்சர், றீகல், ராணி, மனோகரா, லிடோ என்று படமாளிகைகள் விளங்கிய காலம். அவற்றின் பெயர்களை எம் வகுப்புப் பிள்ளைகள் திருத்தலங்களின் பெயர்களைப்போல ஒப்புவிப்பார்கள். ஆனால் போய்ப் பார்த்தவர்கள் சிலரே. காலையிலே படகு ஏறவேண்டும். பின்னர் பஸ் ஏறவேண்டும். படம் விட்டால் அன்றே ஊர் திரும்ப வழியில்லை. ஆகவே நகரத்திலே படுக்க இடந்தரக்கூடிய உறவினர் ஒருவர் இருக்கவேண்டும், அவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது, கருவாடோ பனங்கிழங்கோ கட்டிக்கொண்டு போகவேண்டும். இவ்வளவு ஆயத்தமும் கலரியிலே மூன்று மணிநேரம் உட்கார்ந்திருப்பதற்காக! கடலைக் கடந்து போய் கடற்கதை பார்த்தோம் என்பதை இப்பொழுது நினைத்தால் எமக்கே சிரிப்பு வருகிறது.

அப்படிப் போய்ப் பார்த்த படம் 'ஆயிரத்தில் ஒருவன்.' பி. ஆர். பந்துலுவின் படம், 1965 இலே வெளிவந்தது, எம். ஜி. ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தது. நாம் அதனை முதல் வெளியீட்டிலே பார்க்கவில்லை. ஏழெட்டு ஆண்டுகள் கழிந்து, கீறல் விழுந்த பழைய பிரதியாகத் திரும்பி வந்தபோதுதான் எமக்கு வாய்த்தது. எம்மை அழைத்துச் சென்றவர் அம்மான், தாயாருடைய மூத்த தமையனார். அவர் அதற்கு முன் பார்த்த படங்களை ஒரு கைவிரல்களிலே எண்ணிவிடலாம்.

கதை பலரும் அறிந்ததே. நெய்தல் நாட்டு வைத்தியன் மணிமாறன் கிளர்ச்சிக்காரருக்கு வைத்தியம் செய்த குற்றத்துக்காக அவர்களோடு சேர்த்து அடிமையாக்கப்பட்டுக் கன்னித்தீவுக்கு அனுப்பப்படுகிறான். அங்கிருந்து கடற்கொள்ளையர் கூட்டத்திலே போய் விழுகிறான். கொள்ளையர் தலைவன் நம்பியார். பாய்மரக் கயிற்றிலே தொங்கிக்கொண்டு ஒரு தட்டிலிருந்து மறுதட்டுக்கு எம். ஜி. ஆர். பாய்ந்தபோது கலரி எழுப்பிய ஆரவாரம் இன்றும் காதிலே நிற்கிறது. தீவுப் பிள்ளைகளாகிய எமக்கு இன்னொரு பெருமையும் இருந்தது: திரையிலே தீவு வந்துவிட்டது! கன்னித்தீவு எங்கே இருக்கிறது என்று நாம் தேடவேயில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, கடலின் மத்தியிலே நிற்கிறதே போர்த்துக்கேயர் கட்டிய கடற்கோட்டை, 1658 இலே ஒல்லாந்தர் பிடித்தது, பிற்காலத்திலே சிறைச்சாலையாகவும் இருந்தது, அதுதான் கன்னித்தீவென்று வகுப்பிலே சாதித்தோம். மறுத்தவன் ஒருவனோடு கைகலப்பும் நடந்தது.

படம் முடிந்து வீதிக்கு வந்ததும் அம்மானைக் கேட்டோம்: "எப்பிடி அம்மான் படம்?"

"படம் நல்லாத்தான் இருக்கு மருமோன். ஆள் நல்லாப் பாயுறான். ஆனால் அந்தக் கப்பலிலை இவ்வளவு சனத்துக்கும் குடிதண்ணி எங்கை வைச்சிருக்கிறாங்கள்?"

எமக்கு அழுகை வந்துவிட்டது. எம். ஜி. ஆர். நாட்டை மீட்கிறார், இந்த மனிதர் தண்ணீர்ப் பீப்பாவைத் தேடுகிறார்! அன்றிரவு அவரோடு பேசாமலே படுத்தோம்.

அம்மான் இளமையிலே ஊர்காவற்றுறையிலிருந்து சரக்கேற்றிச் சென்ற தோணிகளிலே வேலை செய்தவர். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவாங்கூருக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தின் கடைசிக் காற்றை அனுபவித்தவர். திரும்பி வரும்போது ஓடும் பலகையும் வரும். தோணியிலே முதலில் ஏறுவது சரக்கன்று, தண்ணீர்ப் பீப்பா என்பார். தண்டையல் அதைத் தட்டிப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, சரி என்ற பின்னர்தான் புகையிலைச் சிப்பங்களிலே கை வைக்கலாம். காற்று விழுந்துவிட்டால், ஒரு நாட் பயணம் நான்கு நாளாகிவிட்டால், ஆளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர். சின்னச் சிரட்டை எது, பெரிய சிரட்டை எது என்று அந்த வேளையிலே அண்ணன் தம்பியும் பார்ப்பார்களாம். புயலைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. "புயல் வந்தால் வேலை இருக்கும் மருமோன், பயப்பிட நேரமில்லை. காத்து விழுந்தால்தான் பயம்" என்று ஒருமுறை சொன்னார். அசையாத கடலுக்கு அஞ்சிய மனிதரை நாம் எந்தத் திரைப்படத்திலும் கண்டதில்லை.

இதனை எழுதும்போது மணிமேகலைக் காப்பியம் நினைவுக்கு வருகிறது. அதிலே வரும் மணிபல்லவம் எமது நயினாதீவே என்று அறிஞர் பலர் கூறுவர். அந்த மணிபல்லவத்திலே ஆபுத்திரனுக்கு நேர்ந்ததை மாணவர்கள் அறிந்திருப்பார்கள். சாவக நாட்டுக்குப் போகும் கப்பல் காற்றுக்கு ஒதுங்கி அங்கே நங்கூரமிடுகிறது. ஆபுத்திரன் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டானென்று எண்ணி மாலுமிகள் இரவோடிரவாகப் பாய் விரித்துப் போய்விடுகிறார்கள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையிலே இருக்கிறது. வாங்கி உண்ண ஓர் உயிர் அங்கே இல்லை. பாத்திரத்தைப் பொய்கையிலே விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். வாளில்லை, கொள்ளையரில்லை. கப்பல் போய்விட்டது, அவ்வளவுதான். எங்கள் தீவுகளைப் பற்றிய முதற் சாகசக் கதை இது என்றால், அம்மான் அதன் வழிவந்தவர் என்றே கொள்ளவேண்டும்.

அம்மானுக்கு உகந்த வீரக் கதையும் ஒன்று இருந்தது. அது வல்வெட்டித்துறை 'அன்னபூரணி' கப்பலின் கதை. வேப்பமரத்தாலே அவ்வூர் மேத்திரிமார் கட்டிய பாய்க்கப்பல் அது. அமெரிக்கர் ஒருவர் அதனை வாங்கிப் பெயரை மாற்ற, எம்மவர் மாலுமிகளாயிருந்து அதனைச் செலுத்திச் சென்றார்கள். 1938 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அது அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் கதையைச் சொல்லும்போதும் அம்மான் எத்தனை பீப்பாத் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

வயது ஏற ஏற அம்மானுடைய கேள்வியின் நியாயம் எமக்குப் புலப்படலாயிற்று. கப்பலிலே இத்தனை பேர் என்று காட்டினால் அத்தனை வாய்கள் உண்டு. வாய் உண்டென்றால் தாகம் உண்டு. தாகமில்லாதவன் செத்தாலும் பிழைத்தாலும் எமக்கென்ன? அம்மான் கேட்டது தண்ணீரையன்று, ஆளை.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு பழைய படங்களையும் புதிய படங்களையும் பார்த்தால் சில விந்தைகள் தெரிகின்றன. 'ஆயிரத்தில் ஒருவன்' படத்திலே பீப்பா இல்லாதிருந்திருக்கலாம். ஆனால் ஆட்கள் இருந்தார்கள். கார்வார்க் கடற்கரையிலே உண்மையான கடலின்மேல் வெயிலிலே நின்று நடித்தார்கள். அவர்களுக்கு மத்தியானம் தாகம் எடுத்திருக்கும். அதற்கும் முன்னே 1948 இலே எஸ். எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா' வை நினைத்துப் பாருங்கள். மலைபோன்ற முரசுகளின்மேல் நூற்றுக்கணக்கான மாதர் ஆடுகிறார்கள்; ஆட்டம் முடிந்ததும் முரசுகளைப் பிளந்துகொண்டு போர்வீரர் வெளிப்படுகிறார்கள். அந்தக் காட்சியிலே எத்தனை தலை தெரிகிறதோ அத்தனை பேருக்கும் வாசன் சம்பளம் கொடுத்தாக வேண்டும். பிறகு வருகின்ற ரஞ்சன், எம். கே. ராதா வாட்போர் நீண்டுகொண்டே போகிறது. நாம் அதனைப் பார்த்தபோது அவர்களுடைய வீரத்தைக் காட்டிலும் அவர்களுடைய மூச்சிரைப்பே எம்மைப் பிடித்து வைத்தது.

எமது நாட்டிலேயே நிகழ்ந்த சங்கதி ஒன்று உண்டு. 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்துக்காகக் கித்துள்கலையிலே களனி கங்கையின்மேல் உண்மையாகவே ஒரு மரப்பாலத்தைக் கட்டினார்கள்; யானைகள் மரம் இழுத்தன. 1957 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே உண்மையான புகைவண்டி ஒன்றை அதன்மேல் ஓடவிட்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். இதிலே எம்மைக் கவர்ந்தது வெடியன்று. முதல்நாள் எல்லாம் ஆயத்தம், வண்டி புறப்பட்டுவிட்டது, பிரமுகர்கள் வந்து காத்திருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர்களிலே ஒருவர் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுங்கிவிட்டார் என்ற அடையாளம் வந்து சேரவில்லை. உடனே இயக்குநர் டேவிட் லீன் வெடியை நிறுத்திவிட்டார். வண்டி பாலத்தைக் கடந்து அப்பாலே தடம்புரண்டு நின்றது. அதனை இழுத்து நிமிர்த்தி மீண்டும் ஓடவிட்டார்கள். ஓர் ஆளின் கணக்கு வராதபடியால் அத்தனை பெரிய காரியம் நின்றது! படத்திலே அந்தப் பாலம் சிதறும்போது எமக்கு ஏற்படும் நடுக்கத்துக்கு அந்த ஓர் ஆளும் காரணமென்றே நாம் நம்புகிறோம்.

அக்காலத்தவர் எல்லோரும் அரிச்சந்திரர் என்று சொல்ல வரவில்லை. 'ஆயிரத்தில் ஒருவன்' கதைக்கு மூத்த உறவான 'கப்டன் பிளட்' 1935 இலே வந்தது. அதிலும் கதாநாயகன் அடிமையாக விற்கப்பட்ட வைத்தியனே. அதன் கடற்சண்டைகளிலே தொட்டித் தண்ணீரில் மிதந்த பொம்மைக் கப்பல்கள் பல. இன்னும் சில காட்சிகள் பழைய ஊமைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டியவை. எம்மவர் படங்களிலே சீலையிலே வரைந்த நிலவு காற்றுக்கு ஆடியதையும் கண்டிருக்கிறோம். ஏமாற்று என்றுமிருந்தது. ஆனால் அந்த ஏமாற்றுக்கு ஓர் எல்லை இருந்தது. தொட்டி எவ்வளவோ அலையும் அவ்வளவே. இன்றைய படத்துக்குத் தொட்டியில்லை.

'பாகுபலி' யின் இரண்டாம் பாகத்திலே (2017) அன்னவடிவான தோணியொன்று தண்ணீரை விட்டெழுந்து மேகங்களிடையே பறக்கிறது. எமது பேரப்பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள், நாமும் பார்த்தோம், அழகாகத்தான் இருந்தது. அம்மான் இருந்திருந்தால், மழை மேகத்துக்குள்ளே போகிறபடியால் தண்ணீருக்குக் குறைவில்லை என்று சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் படைகள்! தொடுவானம் வரை நிற்கும் போர்வீரர்களைக் கணினி பெருக்கித் தருகிறது. ஆயிரம்பேர் விழுந்தாலும் பத்தாயிரம்பேர் விழுந்தாலும் செலவு ஒன்றுதான். விழுகின்றவனுக்கு முகமில்லை. பார்க்கின்ற பிள்ளை கையிலே பொரித்த கச்சானை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அவன்மேலே குற்றமில்லை. அங்கே விழுந்தவன் ஒருவனும் இல்லையே.

புதியன எல்லாம் தீயன என்று ஒதுக்கிவிடவும் மனம் ஒப்பவில்லை. 2022 இலே வந்த 'பொன்னியின் செல்வன்' முதற் பாகத்தை எடுத்துக்கொள்வோம். கல்கி அந்தக் கதையை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதியபோது அவர் காட்டிய நாகத்தீவும் கோடிக்கரைக் கடலும் எங்கள் தீவுகளின் வாசலிலே கிடப்பவை. மணிரத்னமோ ஈழத்துக் காட்சிகளைத் தாய்லாந்திலே படமாக்கினார். புயலைக் கணினி எழுப்பிற்று. ஆயினும் பூங்குழலி தனியே துடுப்புப் பிடித்துக் கடலிலே நிற்கும் காட்சிகளை எம் வீட்டுப் பெண்கள் மூச்சுவிடாமற் பார்த்தார்கள். கடலைத் தெரிந்த பெண்ணொருத்தி திரையிலே வருவது அவர்களுக்குப் புதிது. பழைய படங்களிலே கப்பலில் ஏறிய பெண்கள் பெரும்பாலும் தூக்கிச் செல்லப்பட்டவர்களே என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இன்னுமொன்று. 'ஆயிரத்தில் ஒருவன்' என்ற அதே பெயரிலே 2010 தைப்பொங்கலுக்குச் செல்வராகவன் ஒரு படம் தந்தார். வியட்நாமுக்கருகே ஒரு தீவிலே சோழர் வழித்தோன்றல்கள் மறைந்து வாழ்கிறார்கள் என்பது கதை. குறைகள் நிறைந்த படந்தான். ஆயினும் அந்த மறைந்த மக்கள் பட்டினியாற் கருகிப்போனவர்களாய்த் திரையிலே வந்து நின்றபோது, அம்மானின் கேள்வியை ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ கேட்டுவிட்டார்கள் என்று எமக்குத் தோன்றிற்று. அதன் முடிவிலே அந்தச் சனத்துக்கு நேர்கின்றதை எம்மால் முழுதும் பார்க்க முடியவில்லை. 2009 மே கழிந்து எட்டு மாதமே ஆகியிருந்தது.

குதிரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல விருப்பம். நெடுந்தீவிலே போர்த்துக்கேயர் காலந்தொட்டு வந்ததென்று சொல்லப்படும் கட்டைக் குதிரைகள் இன்றும் கூட்டமாய்த் திரிகின்றன. படம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கிழமையிலே அவற்றிலொன்றின்மேல் ஏறிப் பார்த்தோம். அது எம். ஜி. ஆரை அறிந்த குதிரையன்று. பவளக்கல் மதிலோடு எம்மைத் தேய்த்து இறக்கிவிட்டுப் போய் மேயத் தொடங்கிற்று. திரையிலே குதிரைகள் பாய்வதும் கனைப்பதுமாயிருக்கும். எம்மூர்க் குதிரைகளோ கோடையிலே தண்ணீர் தேடி நடக்கும். வரட்சி கடுமையான ஆண்டுகளிலே கேணி வற்றி அவை செத்துக் கிடந்த காட்சியை நெடுந்தீவார் மறக்கமாட்டார்கள்.

இனிச் சொல்லப் போவதைச் சொல்லாமலே விடலாமா என்று பலமுறை யோசித்தோம். ஆனால் எங்கள் தீவுகளிலிருந்துகொண்டு கப்பற்சண்டைப் படங்களைப் பற்றி எழுதுபவர் அதனை விட்டுச் செல்வது முறையன்று.

1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் திகதி காலை 'குமுதினி' படகு நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்டது. நடுக்கடலிலே அது மறிக்கப்பட்டது. உள்ளே ஏறியவர்கள் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். இறந்தவர்களிலே கைக்குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளிலே மாவிலித்துறையில் நினைவுத் தூபியின் முன்னே விளக்கேற்றுகிறார்கள். படகு திருத்தப்பட்டுப் பின்னரும் பல ஆண்டுகள் அதே கடலிலே ஓடியது. வேறு படகு இல்லாத ஊர், அதிலேதான் ஏறவேண்டியிருந்தது.

அன்று காலை குறிகட்டுவான் துறையிலே குமுதினிக்காகக் காத்திருந்தவர்களிலே புங்குடுதீவிலே வாழ்க்கைப்பட்ட எமது சின்னம்மாவும் ஒருவர். அவர் எதிர்பார்த்திருந்தவர் அன்று படகைத் தவறவிட்டபடியால் தப்பினார். ஆனால் சின்னம்மாவுக்கு அது மத்தியானத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதுவரை அவர் துறையிலே நின்றார்.

அதன்பின் வீட்டிலே எந்தப் படம் ஓடினாலும், ஒரு தோணியிலிருந்து இன்னொரு தோணிக்கு ஆட்கள் தாவும் காட்சி வந்தால் சின்னம்மா எழுந்துவிடுவார். "அடுப்பிலை பால் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள்ளே போவார். அடுப்பிலே பால் இராது. இதை எல்லோரும் அறிவோம், ஒருவரும் சொன்னதில்லை.

2014 இலே பழைய 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தைத் துலக்கிப் புதுப்பித்துத் தமிழகத்திலே மீண்டும் வெளியிட்டார்கள். அந்தப் பரபரப்பிலே நாமும் ஒரு மாலை வீட்டுத் தொலைக்காட்சியிலே அதனைப் போட்டோம். சின்னம்மா நாற்காலியிலே இருந்தார். கொள்ளையர் கப்பலிலே தாவும் காட்சி நெருங்கியது. நிறுத்திவிடலாமென்று எழுந்தோம். "இருக்கட்டும் தம்பி, ஓடட்டும்" என்றார். வாள்கள் மோதின, ஆட்கள் சுழன்று சுழன்று விழுந்தார்கள், ஒருவர் மேனியிலும் இரத்தம் இல்லை. சின்னம்மா அசையாமலிருந்து முழுவதையும் பார்த்தார்.

"எப்பிடிச் சின்னம்மா இதைப் பாத்தனீங்கள்?" என்று பின்னர் மெதுவாகக் கேட்டோம்.

"இதிலை விழுந்தவன் பிறகு எழும்பிப் போய்ச் சோறு தின்னுவான் தம்பி. பாக்கத் தெரியுதுதானே."

சில மாதங்களின் பின்னே பிள்ளைகள் புதிய படமொன்றைப் போட்டார்கள். பெயர் வேண்டாம். அதிலும் கப்பற்சண்டை. இரத்தம் திரையிலே தெறித்தது. வெட்டுண்ட கை தனியே விழுந்தது. எல்லாம் மெய்போலவே இருந்தன. மெய்யாக்குவதற்கென்றே பெரும் பணம் செலவழித்திருக்கிறார்கள். சின்னம்மா எழுந்து குசினிக்குப் போய்விட்டார். பால் என்றுகூடச் சொல்லவில்லை.

படமெடுக்கும் நுட்பங்களைப் பற்றிச் சின்னம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. சண்டைக்காரன் என்றொரு தொழிலாளி இருக்கிறான், அவன் பஞ்சு மெத்தையிலே விழுந்து எழுந்து கூலி வாங்கிக்கொண்டு போவான் என்று அவருக்கு எவரும் விளக்கியதில்லை. ஆனாலும் அவர் திரையிலே ஆளைக் கண்டார். அம்மானும் அந்த ஆளைத்தான் தேடினார், தண்ணீருக்காக. அம்மான் எண்பதுகளின் தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். குமுதினியையோ, அதற்குப் பின் தீவுகளைவிட்டுச் சனம் வெளியேறிய ஆண்டுகளையோ அவர் காணவில்லை.

நிற்க. படகு மாவிலித்துறையை அணுகிக்கொண்டிருந்தது. எமது அயலிலிருந்த மாணவன் திடீரென்று தலையை நிமிர்த்தினான். தொலைபேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டதாம். சண்டை முடியுமுன்பே நின்றுவிட்டது.

"ஆர் வெண்டது தம்பி?"

"தெரியேல்லை ஐயா. வீட்டை போய்ப் பாக்கவேணும்."

சற்று நேரம் இருவரும் கடலைப் பார்த்தோம். பேச்சுக்கு வேறொன்றும் இல்லாமையினாலோ, அல்லது அம்மானின் இரத்தம் எமக்குள்ளும் ஓடுவதினாலோ, அவனைக் கேட்டோம்: "அந்தக் கப்பலிலை இவ்வளவு பேர் நிக்கினமே, அவைக்குக் குடிதண்ணி எங்கை வைச்சிருக்கினம்?"

சிரிப்பானென்று எதிர்பார்த்தோம். அவன் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"கீழ்த்தட்டிலை இருக்கும் ஐயா. பாரமான சாமான் கீழை வைச்சால்தானே கப்பல் ஆடாது."

படகு துறையிலே முட்டியது. கயிற்றை எறிந்தார்கள். அவன் பள்ளிக்கூடப் பையை முதுகிலே மாட்டிக்கொண்டு, தாயார் கரையிலிருந்து கைகாட்டியபடி, போத்தல் தண்ணீர்ப் பெட்டியொன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். பெட்டி பாரம், ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். மற்றப் பெட்டியை நாம் எடுத்துக்கொண்டோம்.